பிடிவாத மரத்தில் கிண்ணம் கடைவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

மரக்கிண்ணம் கடைவதைப் பற்றி நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்கும் சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவை என்பதால் அவற்றை ஒரே இதழில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். முதல் இரண்டு கேள்விகளுக்கு விரிவான பதில் தேவைப்பட்டது.

கேள்வி: வணக்கம் ஐயா. பணி ஓய்வுக்குப் பிறகு சிறிய கடைசல் எந்திரம் ஒன்றை வாங்கி வீட்டின் பின்கட்டில் வைத்திருக்கிறேன். சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரத்தின் அடித்துண்டு ஒன்று விறகுக் கடையில் கிடைத்தது. அதில் 10 அங்குல அகலத்தில் கிண்ணம் கடைய முயன்று வருகிறேன். உளி ஐந்து நிமிடத்தில் மழுங்கிவிடுகிறது. கிண்ணத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டு இடங்களில் மட்டும் மரம் பிய்ந்துகொண்டே வருகிறது. இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் அந்தத் தழும்பு மறையவில்லை. புளி, கிண்ணத்துக்கு ஆகாத மரமா?
— ஒரு வாசகர், கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: புளி கிண்ணத்துக்கு ஆகும் மரம்தான். ஆனால் அது ஏன் உங்களை இப்படிப் படுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதனிடம் வேலை வாங்க முடியாது.

கறிக்கடையில் வெட்டுக் கட்டையாகப் புளியையே போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுவதும் கத்தி விழுந்தாலும் அந்தக் கட்டை பிளப்பதில்லை. புளியின் நார்கள் நேராக ஓடாமல், ஒரு படலம் வலப்புறமாகவும் அடுத்த படலம் இடப்புறமாகவும் சாய்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்வதே அதற்குக் காரணம். கத்தியைப் பிளக்கவிடாமல் தடுக்கும் அதே பின்னல்தான் உங்கள் உளியின் கீழ் பிய்கிறது. ஒரு படலத்துக்கு நார்ப்போக்கில் செல்லும் உளி, அதை அடுத்த படலத்துக்கு எதிர்நாராகச் செல்கிறது. ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து கடைந்தாலும் புளியில் ஏதேனும் ஒரு பட்டை உங்களுக்கு எதிராகவே நிற்கும். வேம்பு, வாகை ஆகியவற்றிலும் இந்தக் குணம் உண்டு; புளியில் அது கடினத்தோடு சேர்ந்து வருவதால் கூடுதலாகத் தெரிகிறது.

எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் பிய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கட்டில் கால் கடையும்போது நார், சுழலும் அச்சோடு சேர்ந்து ஓடுகிறது. கிண்ணத்திலோ நார் அச்சுக்குக் குறுக்காகக் கிடக்கிறது. அதனால் கிண்ணம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உளி இரண்டு முறை நாரின் பக்கவாட்டையும், இரண்டு முறை நாரின் வெட்டுவாயையும், அதாவது குறுக்கே அறுபட்ட நார் நுனிகளையும், சந்திக்கிறது. வெட்டுவாய்ப் பகுதியில், அடியில் தாங்குவதற்கு வேறு நார் இல்லாதபடி உளி வந்தால், நார் அறுபடாமல் தூக்கி முறிக்கப்படுகிறது. ஈர்க்குக் கட்டு ஒன்றை எடுத்துக் கொஞ்சம் சரித்துப் பிடித்து, படிப்படியாக நிற்கும் அதன் நுனிகளைக் கத்தியால் சீவிப் பாருங்கள். குட்டையான ஈர்க்கிலிருந்து நீளமான ஈர்க்கை நோக்கிச் சீவினால் ஒவ்வொன்றையும் அதன் கீழுள்ளது தாங்கி நிற்கும். மறுதிசையில் சீவினால் நுனிகள் மடங்கிச் சிதறும். கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் கடைய வேண்டும் என்ற விதி இதிலிருந்து பிறந்ததே. உங்கள் கடிதத்தில் உள்ளும் புறமும் எந்தத் திசையில் உளியை நகர்த்துகிறீர்கள் என்ற குறிப்பே இல்லை. அதை முதலில் கவனியுங்கள். வெளிப்புறத்தை விளிம்பிலிருந்து அடியை நோக்கி இழுக்கும் பழக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் மிகுதியாக இருக்கிறது. கைக்கு எளிதாக இருப்பதால் அது நிலைத்தும் விடுகிறது.

அடுத்தது உளியின் முனை. ஐந்து நிமிடத்தில் மழுங்குகிறது என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். கொல்லர் பட்டறையில் லாரிப் பட்டாவிலிருந்து (வில் தகட்டிலிருந்து) அடித்த உளியாக இருந்தால், வைரம் பாய்ந்த புளிக்கு அது இயல்பான நேரம்தான். அத்தகைய உளியைச் சாணை பிடிக்கும்போது முனை நீலம் பாய்ந்ததா என்று பாருங்கள். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. நீலம் போகும்வரை தேய்த்துக் கழித்தால்தான் அந்த உளி மறுபடி வெட்டும். சாணைக்கல்லில் வைக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் தோய்த்து எடுப்பது இதைத் தடுக்கும். ஹைஸ்பீட் ஸ்டீல் உளி இந்தச் சூட்டைத் தாங்கும்; புளி, தேக்கு, சீமைக்கருவேலம் போன்றவற்றில் கிண்ணம் கடையும் எண்ணம் இருந்தால் அதற்குப் பணம் செலவழிப்பது தகும். எந்த எஃகாக இருந்தாலும், கடைசி மெல்லிய வெட்டுக்கு முன் ஒருமுறை சாணை பிடிக்காமல் இருக்காதீர்கள். உளியிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் வருகிறதா, தூள் வருகிறதா என்பதே கூர்மைக்கான சோதனை. காய்ந்த புளியில் சீவல் சிறியதாகத்தான் வரும். ஆனால் வெறும் தூளாக மாறிய கணத்திலேயே எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். கூர்மை குறைந்த உளியை அழுத்திப் பிடித்தால் அது மரத்தைக் கடித்துக்கொள்ளும். 10 அங்குலக் கிண்ணத்தில் அந்தக் கடி மணிக்கட்டையே திருப்பிவிடக்கூடியது.

சாலையோர மரம் என்று எழுதியிருப்பதால் இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பல பத்தாண்டுகளாக விளம்பரத் தகடுகளும் பலகைகளும் அடிக்கப்பட்ட மரங்கள் அவை. ஆணியின் மேல் மரம் வளர்ந்து மூடிக்கொண்டுவிடும். துண்டின் முகத்தில் காரணமில்லாமல் கருநீலக் கறை தெரிந்தால் அதனடியில் இரும்பு இருக்கக்கூடும் என்று கொள்ளுங்கள். உளி மழுங்குவதற்கு அதுவும் காரணமாகலாம். அத்தகைய துண்டைக் கடைவதைவிட அதைக் கழித்துவிடுவது நல்லது.

இனி, தழும்பைப் போக்கும் வழி. சுழற்சி வேகத்தைக் கிண்ணத்தின் அங்குல அகலத்தால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் இடையில் வரவேண்டும் என்பது கடைசல்காரர்களின் பொதுக்கணக்கு. உங்கள் கிண்ணத்துக்கு நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்று. வடிவம் சீராகாத தொடக்கத்தில் இதிலும் பாதி வேகமே போதும். பிய்ந்த இடத்தைத் தண்ணீரால் லேசாக நனைத்து, நார் ஊறி உப்பியதும், புதிதாகச் சாணை பிடித்த உளியால் தாள் கனத்துக்கு ஒரு வெட்டு எடுங்கள். இன்னும் பிய்ந்தால் அந்த இடத்தில் நீர்த்த அரக்கு பாலிஷைத் தடவிக் காயவிட்டு, உளியின் முனையை ஏறத்தாழ 45 பாகைக்குச் சாய்த்து, அழுத்தாமல், வருடுவதைப் போல் சுரண்டுங்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் உப்புத்தாள். தழும்பு மரத்துக்குள் ஆழமாக இருக்கும்போது எந்திரத்தைச் சுழலவிட்டுத் தேய்த்தால் கிண்ணம் முழுவதும் ஒன்றாகத் தேய்கிறது. ஆகவே பள்ளம் பள்ளமாகவே தங்குகிறது. எந்திரத்தை நிறுத்தி, 80-ஆம் எண் தாளால் அந்த இரண்டு இடங்களை மட்டும் கையால் நார்ப்போக்கில் தேய்த்த பிறகு 120, 180, 240 என்று ஏறுங்கள். நடுவில் எந்த எண்ணையும் தாண்டாதீர்கள். தேய்க்கும் இடம் கை பொறுக்காத அளவுக்குச் சூடானால் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் வெட்டுவாய்ப் பகுதியில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும், அவற்றை எந்தத் தாளாலும் போக்க முடியாது.

இத்தனை பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வெளிறிய வெண்மரத்தின் நடுவே கருஞ்சிவப்பாக ஓடும் புளி வைரம் ஒரு கிண்ணத்தின் அடியில் அமைந்துவிட்டால், அதற்கு ஈடான அழகை விலை கொடுத்து வாங்கும் வேறு மரங்களில் நான் அதிகம் கண்டதில்லை.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக வைத்த சில்வர் ஓக் மரங்களில் காற்றில் சாய்ந்தவற்றை எடுத்துக் கிண்ணங்கள் கடைந்து, கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்கு விற்கிறோம். இங்கே வைத்திருக்கும்வரை எந்தக் குறையும் இல்லை. சேலத்துக்குக் கொண்டுபோனவர்கள் சில வாரங்களில் கிண்ணம் நீள்வட்டமாகிவிட்டது என்றும் விளிம்பில் வெடித்துவிட்டது என்றும் சொல்லித் திருப்பித் தருகிறார்கள். ஆறு மாதம் உலர்த்திய மரத்தில்தான் கடைகிறோம். தவறு எங்கே?
— ஒரு வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: அம்மா, உங்கள் கைவேலையில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே வேறொரு காற்று இருக்கிறது. அந்தக் காற்றுக்கு உங்கள் கிண்ணங்களைப் பழக்காமல் அனுப்பிவிடுகிறீர்கள்.

மரம் முழுவதுமாகக் காய்ந்து முடிவதென்று ஒன்று கிடையாது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு ஈரமோ அதற்கேற்ற நீரைத் தன் நார்களில் வைத்துக்கொண்டு அது நிற்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரம் தன் எடையில் சுமார் 16 விழுக்காடு நீரோடு நின்றுவிடும். ஆறு மாதமல்ல, ஆறு ஆண்டு வைத்திருந்தாலும் அங்கே அதற்குக் கீழே இறங்காது. ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு வந்தால் அதே மரம் 8 விழுக்காட்டுக்கும் குறையும்வரை நீரை விடும். பனிமூட்டம் நிற்கும் மலையிலிருந்து சித்திரை வெயிலில் காயும் ஊருக்குப் போகும் கிண்ணம், இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சில வாரங்களில் கடக்கிறது. பச்சை மரத்தில் முதலில் வெளியேறுவது நார்களின் உட்குழிகளில் தேங்கிய நீர். அது போகும்வரை மரம் சுருங்குவதில்லை. நீரளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு நார்ச்சுவரிலிருந்தே நீர் போகத் தொடங்குகிறது; அங்கிருந்துதான் சுருக்கம் தொடங்குகிறது. உங்கள் கிண்ணங்கள் இந்தச் சுருக்கத்தின் பிற்பகுதியை வாங்குகிறவர் வீட்டில் வைத்து முடிக்கின்றன.

அது வட்டமாகவே சுருங்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. திசைக்கொரு அளவாகச் சுருங்கும் பொருளில் வட்டம் நீள்வட்டமாகத்தான் மாற முடியும். நடுத்தண்டு கிண்ணத்துக்குள் அகப்பட்டிருந்தால் இந்த இழுபறி வெடிப்பாக முடிகிறது. எனவே அடிமரத்தை நடுத்தண்டின் வழியாக இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டையும் அதை ஒட்டிய இரண்டு விரல் அகலத்தையும் கழித்த பிறகே துண்டு போடுங்கள். மரம் வீணாகிறது என்று இந்த இடத்தில் தயங்குகிறவர்கள் பின்னர் கிண்ணத்தையே இழக்கிறார்கள்.

கட்டையாக உலர்த்திவிட்டுக் கடைவதைவிட, பச்சையாக இருக்கும்போதே முதல் கடைசலை முடித்துவிடுவது சிறந்தது. ஈர மரத்தில் உளி வழுக்கிக்கொண்டு ஓடும், தூசியும் பறக்காது. சுவரின் கனத்தைக் கிண்ணத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்காக விடுங்கள். 10 அங்குலத்துக்கு 1 அங்குலம். வெட்டுவாய் தெரியும் பகுதிகளில் உருக்கிய மெழுகைப் பூசி, செய்தித்தாளில் சுற்றி, காற்று நேராக அடிக்காத அறையில் அடுக்கி வையுங்கள். ஏற்காட்டில் மழை மாதங்களில் பூஞ்சணம் பிடித்து வெளிர் மரங்கள் கறைபடும். வாரம் ஒருமுறை தாளை மாற்றுவது அதைத் தடுக்கும். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மளிகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால், அந்த இடத்தின் காற்றுக்கு அது காய்ந்துவிட்டது. அதன் பிறகு உங்களுக்கே உரிய ஒரு படி கூடுதலாக இருக்கிறது. அந்த முரட்டுக் கிண்ணங்களைச் சேலத்தில் உறவினர் வீடு எதிலாவது ஒரு மாதம் வைத்து, மறுபடியும் எடை நிற்கும்வரை காத்திருந்து, மேலே கொண்டுவந்தவுடன் நாள் கடத்தாமல் இரண்டாவது கடைசலை முடித்து எண்ணெய் பூசிவிடுங்கள். பேருந்தில் இரண்டு முறை சுமக்கும் சிரமம் உண்டு என்பதை அறிவேன். திரும்பி வரும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நீங்கள் பணத்தைத் திருப்பித் தருவதோடு ஒப்பிட்டால் அது சிறிய சிரமம்.

காய்கிற வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை நானும் ஒரு கிண்ணத்தை இழந்துதான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாத மாலையில் ஈரப் பலாத் துண்டில் கடைந்த கிண்ணத்தை மூடி வைக்காமல் திண்ணையில் விட்டுவிட்டேன். இரவில் பட்டென்று சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தபோது விளிம்பிலிருந்து அடிவரை விரல் நுழையும் வெடிப்பு. ஈரம் போவதால் வெடிப்பதில்லை. வெளிப்புறம் காய்ந்து சுருங்கும் வேகத்துக்கு உட்புறம் ஈடுகொடுக்க முடியாதபோது வெடிக்கிறது. மெழுகும் செய்தித்தாளும் அந்த வேகத்தைத்தான் குறைக்கின்றன.

சில்வர் ஓக் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரத்தின் ஆரக் கதிர்கள், அதாவது நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கீற்றுகள், அகலமானவை. நடுத்தண்டிலிருந்து பட்டை நோக்கிய முகத்தில் அவை வெள்ளிச் செதில்களைப் போல் மின்னும். கிண்ணத்தின் சுவரில் அந்த முகம் வரும்படி துண்டு போட்டால் விலையும் கூடும். ஆனால் அந்தச் செதில்கள் பிய்யும் குணமுடையவை என்பதால் கடைசி வெட்டு மெல்லியதாக இருக்கட்டும். மேலும் இதன் சாறும் தூளும் சிலருடைய தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். வேலை செய்கிறவர்கள் முழுக்கைச் சட்டை அணியட்டும். சாய்ந்த மரங்களை மட்டும் எடுப்பதாக எழுதியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. நிற்கும் மரத்தை வெட்டும் எண்ணம் வந்தால், மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955 முதல் தனிச் சட்டம் இருப்பதால், முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறேன். எங்கள் ஊர் ஏரியில் சீமைக்கருவேல மரங்களை வெட்டிக் குவித்திருக்கிறார்கள். கரிக்கு மட்டுமே ஆகும் என்கிறார்கள். அதில் கிண்ணம் கடைய முடியுமா?
— ஒரு மாணவர், ஓமலூர்

பதில்: தாராளமாகக் கடையலாம், தம்பி. ஏரிக்கும் நிலத்துக்கும் அது செய்யும் கேட்டைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெட்டப்பட வேண்டிய மரம்தான். வெட்டிய பிறகு அதை எரிக்க மட்டுமே வேண்டும் என்பதில்லை. கடினமான மரமாக இருந்தும் காயும்போது மிகக் குறைவாகவே சுருங்குவது அதன் அரிய குணம். புளியிலும் பலாவிலும் வெடிப்புக்கு அஞ்சி மாதக்கணக்கில் காத்திருக்கும் இடத்தில், சீமைக்கருவேலத்தை ஈரத்தோடு மெல்லியதாகக் கடைந்து முடித்தாலும் பெரும்பாலும் வடிவம் கெடாமல் நிற்கும். உளிப் பயிற்சிக்கு நீ வீணாக்கினாலும் யாருக்கும் நட்டமில்லாத மரமும் அதுவே.

அதன் தொல்லைகள் வேறு. நேரான, பருத்த அடிமரம் அரிதாகவே கிடைக்கும். 6 அங்குலக் கிண்ணத்துக்கு மேல் ஆசைப்படாதே. மடிப்புகளுக்குள் பட்டை அகப்பட்டிருக்கும், வெளிமரத்தில் வண்டு துளைத்த ஓட்டைகள் இருக்கும், வளைசல்களுக்கு நடுவே உள்வெடிப்பு மறைந்திருக்கும். ஒவ்வொரு துண்டையும் சுத்தியலால் தட்டிப் பார். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் எந்திரத்தில் ஏற்றாதே. முதல் சுழற்சியின்போது கிண்ணத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் வேண்டும். முள் குத்தினால் புண் சீக்கிரம் ஆறாது என்பதை ஓமலூர்க்காரரான உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: வேப்ப மரத்தில் கடைந்த கிண்ணத்தில் உணவு வைக்கலாமா? கசக்காதா? எந்த எண்ணெய் பூச வேண்டும்? கடையும்போது என் கணவருக்கு ஓயாமல் தும்மல் வருகிறது.
— ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பழமும் கடலையும் போல உலர்ந்தவற்றை வைக்கலாம். சூடான, ஈரமான உணவுக்கு வேம்பை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் வாடை எளிதில் போவதில்லை. உணவுக்கென்றே கிண்ணம் வேண்டுமென்றால் பூவரசில் கடையச் சொல்லுங்கள். நெருங்கிய நார், சுவையைக் கெடுக்காத மரம். பசிபிக் தீவுகளிலும் உணவுக் கிண்ணங்களுக்கு அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்தின் மேல் கெட்டியான படலமாக உலர்வதில்லை. நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் உலரும். ஆனால் பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பது உண்டு என்பதால், எதுவும் சேர்க்காத பச்சை ஆளிவிதை எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள். மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு வாரம் இடைவெளி விட்டு மூன்று முறை செய்தபின் தேன்மெழுகைத் தேய்த்தால் போதும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகிறது. சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் சேருங்கள்.

தும்மலை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேம்பின் தூளும் வாகையின் தூளும் மூக்கையும் தொண்டையையும் அரிப்பவை. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது. மெல்லிய தூசியைத் தடுக்கும் முகக்கவசத்தை உப்புத்தாள் தேய்க்கும் நேரத்தில் கட்டாயம் அணியட்டும். கவசம் அணிந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தும்மலோ இளைப்போ தொடர்ந்தால், வேம்பையும் வாகையையும் விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.